1862 விக்டோரியா ரூபாய்: காதோரம் மழுங்கியிருப்பது தேய்மானமா, அச்சுக் குறையா?

காவிரிக்கரை:
வணக்கம். ஒரு காசின் தரம் பற்றி உங்கள் கருத்து வேண்டும். 1862 தேதியிட்ட வெள்ளி ரூபாய், "விக்டோரியா குயின்" எழுத்து. எடை 11.62 கிராம், விட்டம் 30.6 மி.மீ. பூப்பக்கத்தில் (தேதி உள்ள பின்பக்கம்) தேதிக்குக் கீழே ஒரு புள்ளி. காதுக்கு மேல் முடியிழைகள் தட்டையாக இருக்கின்றன. ஆனால் உடை வேலைப்பாடும் கிரீடத்தின் மணிகளும் நன்றாகத் தெரிகின்றன, எழுத்துகளுக்கு இடையில் மினுமினுப்பும் இருக்கிறது. விற்பவர் ஏ.யு. (ஏறக்குறைய புழங்காத தரம்) என்கிறார். காசைப் பார்த்த இன்னொருவர், முடி மழுங்கிவிட்டதால் வி.எஃப். (ஓரளவு தேய்ந்த தரம்) தாண்டாது என்கிறார். இரண்டுக்கும் விலையில் பெரிய இடைவெளி. எப்படி முடிவுசெய்வது?

குன்றிமணி:
முதலில் தேதி. 1862 என்று இருப்பதால் அது 1862இல்தான் அடிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1874 வரை அதே தேதியை மாற்றாமலே அடித்தார்கள். பம்பாய்க் காசுகளில் புள்ளிகளின் எண்ணிக்கை மாறிக்கொண்டே வரும். அது ஆண்டைக் குறிக்கும் அடையாளமாக இருக்கலாம் என்பது சேகரிப்பாளர்கள் பலரின் கணிப்பு. தேதிக்குக் கீழே ஒரு இடத்திலும், மேலே பூவின் அடியில் இன்னொரு இடத்திலும் பார்க்க வேண்டும். இரண்டையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தரம் எதுவானாலும் எந்த வகை என்று தெரியாமல் விலை பேச முடியாது.

இனித் தரம். இந்தக் காசில் முதலில் தேயும் இடங்கள் காதுக்கு மேலுள்ள முடி, கன்னம், புருவம், மார்புப் பக்கத்து உடை. நான் பிரிக்கும் முறை இது:

வி.ஜி. என்றால் உருவத்தின் வெளிக்கோடும் எழுத்தும் முழுசாக இருக்கும், உடை வேலைப்பாடு பெரும்பாலும் போயிருக்கும். எஃப். என்றால் முடி ஒரே கட்டியாகத் தெரியும், உடையின் கட்டங்கள் அங்கங்கே மிஞ்சியிருக்கும். வி.எஃப். வந்தால் முடி தனித்தனிக் கற்றைகளாகப் பிரியும், உடைக் கட்டங்கள் அடையாளம் தெரியும், ஆனால் உள்ளிருக்கும் நுண்பூக்கள் மங்கல். எக்ஸ்.எஃப்.பில் எல்லாப் பூவும் தெரிய வேண்டும். காதுக்கு மேலும் புருவத்திலும் மட்டும் தட்டை. ஏ.யு.வில் உராய்வு மட்டும்தான், தேய்மானம் என்று சொல்ல முடியாது. பள்ளமான இடங்களில் அச்சு மினுக்கு கட்டாயம் மிஞ்சியிருக்க வேண்டும்.

நீங்கள் சொல்வதில் ஒரு முரண் இருக்கிறது. முடி வி.எஃப். போல, உடை ஏ.யு. போல. புழக்கத்தில் தேய்ந்த காசு அப்படித் தேயாது. மேடான இடங்கள் எல்லாமே சேர்ந்து இறங்கும்.

அக்கசாலை:
அந்த முரண்தான் விடை, குன்றிமணி ஐயா. இது அச்சு சரியாக இறங்காத காசாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு அச்சுக்கு நடுவே வெள்ளி வில்லை நசுங்கும்போது, ஒரு பக்கத்தின் ஆழமான பள்ளத்துக்குள் உலோகம் ஏற வேண்டும். எதிர்ப்பக்கத்திலும் அதே இடத்தில் பள்ளம் இருந்தால் உலோகம் இரண்டு பக்கமும் பங்குபோகும். அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் இரண்டிலும் உச்சி நிரம்பாது. விக்டோரியா ரூபாயில் தலையின் நடுப்பகுதிக்கு நேர் பின்னால் "ஒன் ரூப்பி" எழுத்து வருகிறது.

ஆகவே காவிரிக்கரை, மூன்றைப் பாருங்கள்.

1. பூப்பக்கத்தில் "ரூப்பி" எழுத்தின் நடு எழுத்துகள் மேலே சொரசொரப்பாக, நிரம்பாமல் இருக்கின்றனவா? இருந்தால் அச்சுக் குறை.

2. தட்டையான முடிப்பகுதியின் நிறம் என்ன? தேய்ந்த இடம் சுற்றியிருப்பதைவிடச் சாம்பலாக, செத்த நிறமாக இருக்கும். நிரம்பாத இடம் சுற்றுப்புறத்தின் நிறத்திலேயே இருக்கும்.

3. லென்ஸில் அந்தத் தட்டைப் பரப்பில் நுண்ணிய குழிகளும் கீறல்களும் தெரிகின்றனவா? அவை அடிப்பதற்கு முன்பு வில்லையில் இருந்தவை. அச்சு தொடாததால் அப்படியே தங்கிவிட்டன. புழக்கத்தில் தேய்ந்திருந்தால் அந்த இடம் வழவழப்பாகியிருக்கும்.

லென்ஸ் 5 மடங்கு போதும். 10 மடங்கு போலி பார்க்கவும் வகை பார்க்கவும். தரம் பார்க்க 20 மடங்கு எடுத்தால் எல்லாக் காசும் குப்பையாகத்தான் தெரியும்.

கொங்குக்காசு:
தரத்துக்கு முன்னாடி அசலான்னு பார்த்தீங்களா? 1862 காசுக்கு வெள்ளி முலாம் பூசின போலி நிறையச் சுத்துது. வார்ப்புப் போலின்னா எழுத்தோட அடி மெழுகு உருகின மாதிரி வட்டமா இருக்கும், பரப்புல சின்னச் சின்னக் கொப்புளக் குழி. விளிம்புக் கோடுகளுக்குக் குறுக்கே ஒட்டுக்கோடு ஒண்ணு சுத்தி ஓடும். அதை அராவியிருந்தா அந்த இடத்துல கோடுகள் மழுங்கி இருக்கும். அசல் காசை வச்சு எடுத்த அச்சுல அடிச்ச போலி இன்னும் மோசம். அதைப் பிடிக்க ஒரே வழி, அசல்ல இருந்த அடிக்காயம் எல்லாப் போலியிலும் அதே இடத்துல திரும்ப வரும். ஒரே வியாபாரிகிட்ட ரெண்டு காசு இருந்தா பக்கத்துல வச்சு காயத்தை ஒப்பிடுங்க.

காசைக் கீழே போட்டு ஓசை கேட்கிற பழக்கம் வேண்டாமுங்க. கல் தரையில ஒரு தடவை விழுந்தா ரிம்ல வெட்டு. உரைகல்லுல தேய்க்கவும் விடாதீங்க.

தராசுமுள்:
ஓசையும் வேண்டாம், உரைகல்லும் வேண்டாம். வீட்டிலேயே அடர்த்தி பார்க்கலாம். 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். 0.1 கிராம் தராசு இதற்கு உதவாது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தராசின் மேல் பாதி நீருள்ள கண்ணாடி டம்ளரை வைத்து எடையைப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, நீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. நூலைக் கையில் பிடிக்காமல் ஒரு தாங்கியில் கட்டினால் எண் ஆடாது. இப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய நீரின் எடை. வெளியே உள்ள எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

இந்த ரூபாய் 91.7 சதவீத வெள்ளி, மீதி செம்பு. கணக்குப்படி அடர்த்தி 10.34. முழு எடையான 11.66 கிராமுக்கு நீரில் 1.13 காட்டும். பித்தளையில் முலாம் பூசியிருந்தால் அதே எடைக்கு 1.37 அளவு வரும், செம்பு நிக்கல் என்றால் 1.31. வித்தியாசம் தெளிவாகத் தெரியும். 0.1 கிராம் தராசில் 1.1 அல்லது 1.2 என்றுதான் வரும்; 1.1 என்றால் 10.6, 1.2 என்றால் 9.7. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

தவறு வருவது பெரும்பாலும் காற்றுக் குமிழியால். விளிம்புக் கோடுகளில் குமிழி ஒட்டினால் விலக்கிய நீர் கூடி, அடர்த்தி குறைவாக வரும். அசலைப் போலி என்று சொல்லிவிடுவீர்கள். நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி நிற்காது. முடிந்ததும் காய்ச்சிவடித்த நீரில் அலசி, துடைக்காமல் பருத்தித் துணிமேல் வைத்து ஒற்றியெடுங்கள்.

நகைக்கடையில் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரத்தில் (எக்ஸ் கதிரால் உலோகக் கலவையைக் காட்டுவது) பார்ப்பதாக இருந்தால் ஒன்று நினைவில் இருக்கட்டும். அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். பழைய வெள்ளியில் மேல்தோலில் இருந்த செம்பு கரைந்து போயிருப்பதால் 94, 95 என்று கூடக் காட்டும். அதனால் போலி என்று பயப்பட வேண்டாம். மாறாக, கனமாக முலாம் பூசிய போலியையும் வெள்ளி என்றே அது சொல்லும். அடர்த்தி மட்டும் உள்ளே வரை பேசும்.

காவிரிக்கரை:
பார்த்துவிட்டேன். நீரில் 1.12. அப்படியானால் 10.37. விளிம்புக் கோடுகள் சீராக இருக்கின்றன, ஒட்டு இல்லை.

அக்கசாலை கேட்டதற்கு: "ரூப்பி"யின் நடுவில் இரண்டு எழுத்துகளின் மேற்பரப்பு நிரம்பாமல் சொரசொரப்பாக இருக்கிறது. தட்டையான முடியில் சிறு குழிகள் தெரிகின்றன. நிறம் சுற்றுப்புறம் போலவே இருக்கிறது. ஆனால் கன்னத்தின் மேட்டில் மட்டும் கொஞ்சம் சாம்பல்.

தராசுமுள்:
உங்கள் நீர் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால் அதன் அடர்த்தி 0.996. திருத்தினால் 10.33. உலோகத்தில் சந்தேகம் இல்லை.

அக்கசாலை:
சரி, முடி அச்சுக் குறை. கன்னத்தில் சாம்பல் என்றால் அங்கே உண்மையான உராய்வு. இரண்டையும் சேர்த்தால் ஏ.யு. 50 அல்லது 53 என்பேன். வி.எஃப். என்று சொன்னவர் முடியை மட்டும் பார்த்து ஏமாந்திருக்கிறார்.

எண்களுக்குப் பழகாதவர்களுக்காக: 1 முதல் 70 வரையுள்ள இந்த அளவுகோலை வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கப் பெரிய செம்புச் செண்ட்டுகளுக்காக வகுத்தார். தரச்சான்று தரும் அமெரிக்க நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். 1986இலும் என்.ஜி.சி. 1987இலும் தொடங்கிய பிறகு அது எல்லா நாட்டுக் காசுக்கும் பரவியது. வி.எஃப். 20 முதல் 35, எக்ஸ்.எஃப். 40, 45, ஏ.யு. 50 முதல் 58, அதற்கு மேல் எம்.எஸ். (புழங்காதவை) 60 முதல் 70. எண் ஏறுவதும் விலை ஏறுவதும் ஒரே வேகத்தில் இல்லை. நல்ல 58 பார்வைக்கு 61, 62ஐவிட அழகாக இருக்கும். 60இலிருந்து 62 வரை உள்ள காசுகள் தேயாதவை, ஆனால் பைக்குள் ஒன்றோடொன்று மோதிக் காயப்பட்டவை.

குன்றிமணி:
அவசரப்படாதீர்கள். நாம் எல்லோரும் முடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வெறுந்தளத்தை யாரும் கேட்கவில்லை.

காவிரிக்கரை, எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள்? டியூப் லைட் என்றால் அது எல்லாக் கீறலையும் மறைத்துவிடும், பரவலான ஒளி அது. ஒற்றை பல்பு வேண்டும். ஹாலோஜன் நல்லது, இல்லையென்றால் மறைப்பில்லாத ஒரு எல்.இ.டி. பல்பு. அறையில் மற்ற விளக்கை அணைத்துவிடுங்கள். காசை விளிம்பில் பிடித்து, பல்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, சாய்த்துச் சாய்த்து ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். அச்சு மினுக்கு உள்ள காசில் ஒளிக்கீற்று வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுற்றி ஓடும். அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து வெளியே ஓடி விட்டுப்போன நுண்கோடுகளில் படும் ஒளி அது. அந்தச் சுற்று ராணியின் முகத்துக்கு எதிரே உள்ள வெற்றிடத்தில் தடையில்லாமல் ஓடுகிறதா, அறுபடுகிறதா என்று பாருங்கள்.

காவிரிக்கரை:
டியூப் லைட்டில்தான் பார்த்தேன், ஐயா. இப்போது ஒற்றை பல்பில் பார்த்தேன். முகத்துக்கு எதிரே உள்ள தளத்தில் முடி போன்ற மெல்லிய கோடுகள் இணையாக ஓடுகின்றன. ஒரு குறிப்பிட்ட சாய்வில்தான் தெரிகின்றன, கொஞ்சம் திருப்பினால் மறைந்துவிடுகின்றன. அச்சைத் தீட்டிய கோடுகள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

குன்றிமணி:
இரண்டையும் பிரிக்க எளிய வழி உண்டு. அச்சைத் தீட்டியபோது விழுந்த கோடு அச்சில் பள்ளம், காசில் மேடு. காசின் தளம் அச்சில் உயரமான இடம், உருவம் அச்சில் பள்ளம். தீட்டுக்கல் உயரமான இடத்தைத்தான் தொடும். ஆகவே தீட்டுக்கோடு காசின் தளத்தில் ஓடி, உருவத்தின் விளிம்பில் நின்றுவிடும். கன்னத்தின் மேல் ஏறாது, எழுத்தின் மேலும் ஏறாது.

துடைத்த கீறல் காசில் பள்ளம். துணி தளத்தையும் தேய்க்கும், கன்னத்தையும் தேய்க்கும், எழுத்தின் தலையையும் தேய்க்கும்.

உங்கள் கோடுகள் தளத்திலிருந்து மூக்கின் மேலோ கன்னத்தின் மேலோ அதே திசையில் தொடர்கின்றனவா?

காவிரிக்கரை:
தொடர்கின்றன. கன்னத்தில் சாம்பல் என்று சொன்ன இடத்திலும் அதே திசையில் ஓடுகின்றன.

அக்கசாலை:
அப்படியானால் என் 50, 53ஐத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். துடைத்த காசு. "ஏ.யு. டீடெயில்ஸ், சுத்தம் செய்யப்பட்டது" என்றுதான் தரச்சான்றில் வரும், எண் கிடைக்காது. கன்னத்துச் சாம்பலில் ஒரு பகுதி அந்தத் துணியின் வேலையாகக்கூட இருக்கலாம்.

கொங்குக்காசு:
இது கொஞ்சம் அநியாயமுங்க. நம்ம ஊர்ல வெள்ளின்னா புளி போட்டோ விபூதி போட்டோ தேய்க்கிறது வீட்டு வழக்கம். வீட்டுல இருந்து வர்ற விக்டோரியா ரூபாய் பெரும்பாலும் ஒரு தடவையாவது தேய்ச்சதுதான். அதையெல்லாம் தள்ளினா மிச்சம் என்ன இருக்கும்? வெளிநாட்டு அளவுகோலை அப்படியே இங்க வைக்கலாமா?

குன்றிமணி:
தள்ளவில்லை. பெயரை மாற்றிச் சொல்லாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். துடைத்த காசையும் சேகரிக்கலாம்; அபூர்வமான வகையாக இருந்தால் நானே பரிந்துரைப்பேன். ஆனால் அதை ஏ.யு. விலைக்கு வாங்கக்கூடாது.

காரணம் அழகு பற்றிய கருத்து இல்லை. மினுக்கு என்பது பூச்சு அன்று, மேற்பரப்பின் வடிவம். விபூதி நுண்ணிய சாம்பல்தூள், அரம் போலவே வேலை செய்யும், பற்பசையும் அப்படித்தான். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. கலவையில் உள்ள செம்பின் ஆக்சைடை அது முதலில் கரைத்து எடுக்கும். மிஞ்சுவது நுண்துளைகள் உள்ள வெள்ளி. சுண்ணாம்பு போல வெளுத்த அந்த நிறத்தைப் பார்த்தாலே தெரியும். உப்பும் சோடாவும் அலுமினியத் தாளும் வைத்துக் கறுப்பு நீக்குவார்கள். அதில் வெள்ளி சல்பைடு திரும்ப வெள்ளியாவது உண்மை, ஆனால் பழைய பரப்பில் போய்ப் படியாது, பஞ்சு போலப் படியும். சில மாதத்தில் முன்னைவிட வேகமாகக் கறுக்கும். இதில் எதையும் பின்னால் சரிசெய்ய முடியாது.

அக்கசாலை:
கடையில் விற்கும் வெள்ளி கழுவும் திரவமும் அதே கணக்கில்தான். தயோயூரியாவும் அமிலமும் கலந்தது. ஐந்து விநாடி முக்கினால் மேல்படலம் போகும், மினுக்கு மிஞ்சலாம். இரண்டாம் முறை, மூன்றாம் முறை முக்கினால் அந்த நுண்கோடுகளின் முனையே கரையும், சக்கரம் சுற்றாது. சரியாக அலசாவிட்டால் எழுத்தின் அடியில் பழுப்புத் திட்டாகத் திரும்பி வரும்.

கருமையே எதிரி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. வெள்ளி கந்தகத்தைப் பிடித்து நிறம் மாறும்போது முதலில் வெளிர்மஞ்சள், பிறகு செம்பழுப்பு, ஊதா, நீலம், கடைசியில் சாம்பல், கறுப்பு என்று படலம் தடிக்கும். மெல்லிய, சீரான படலம் காசைக் காக்கும், விலையையும் கூட்டும். செயற்கையாக ஏற்றிய நிறத்தில் இந்த ஒழுங்கு இருக்காது. மேடு பள்ளம் பார்க்காமல் நீலமும் ஊதாவும் திட்டுத் திட்டாக உட்காரும், மஞ்சளில் தொடங்கி நகர்ந்த தடம் தெரியாது.

விலை பேசும்போது அடித்தளம் எளிது. 11.66 கிராமில் 91.7 சதவீதம், அதாவது 10.69 கிராம் தனிவெள்ளி. சாதாரண வகை 1862 துடைத்திருந்தால் நல்ல வி.எஃப். காசின் விலைக்குமேல் நான் போகமாட்டேன்.

யாழ்_செப்புக்காசு:
வெள்ளிக் கதைக்கு நடுவில ஒரு செப்புக் கேள்வி கேட்கலாமோ? யாழ்ப்பாண அரசர் அடிச்ச சேது காசு ஒண்டில, நந்திக்குக் கீழ உள்ள எழுத்தில வெளிர்பச்சைத் தூள் கிடக்கு. தட்டினால் உதிருது, ஒரு கிழமையில திரும்ப வருது. பச்சை படிஞ்ச செப்புக்காசைத் தொடக்கூடாது எண்டு எல்லாரும் சொல்லுகினம். இதையும் விட்டுவைக்கிறதோ?

தராசுமுள்:
விட்டுவைக்கக் கூடாது. கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாக ஒட்டியிருப்பது களிம்பு. அது காசைக் காக்கும், அதைத் தொடாதீர்கள். வெளிர்பச்சையாக, மாவு போல உதிர்ந்து, திரும்பத் திரும்ப வருவது குளோரைடு நோய். உள்ளே இருக்கும் செம்புக் குளோரைடு ஈரக்காற்றில் மீண்டும் மீண்டும் அமிலம் உண்டாக்கிச் செம்பைத் தின்னும். ஒரு காசை விட்டுவைத்தால் குழி ஆழமாகிக்கொண்டே போகும். கடலோரக் காற்றில் இன்னும் வேகம்.

முதலில் அந்தக் காசைத் தனியாக எடுத்துவிடுங்கள். மரக்குச்சியின் முனையால், லென்ஸின் கீழ், தூளை மட்டும் அகற்றுங்கள். ஊசி வேண்டாம். பிறகு ஒரு லிட்டர் காய்ச்சிவடித்த நீரில் ஆய்வகக் கடையில் கிடைக்கும் நீரற்ற சோடியம் கார்பனேட் 24 கிராம், சமையல் சோடா 19 கிராம். இரண்டும் கரைந்தால் ஏறத்தாழ 5 சதவீத செஸ்குவிகார்பனேட் கரைசல். கண்ணாடிப் பாத்திரத்தில் காசை முழுக்க மூழ்கவைத்து, வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். ஒரு மாதத்துக்குக் குறைந்து முடியாது. சில காசுக்கு மூன்று மாதம் ஆகும்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் பலர் தவறும் இடம். காசை எடுத்துப் புதிய காய்ச்சிவடித்த நீரில் ஒருநாள் வையுங்கள். அந்த நீரில் சில சொட்டு நைட்ரிக் அமிலமும் பிறகு சில சொட்டு வெள்ளி நைட்ரேட்டும் விட்டால், குளோரைடு இருந்தால் பால் போலக் கலங்கும். கலங்குவது நிற்கும் வரைக்கும் ஊறல் தொடர வேண்டும். காசைப் போடாத காய்ச்சிவடித்த நீரையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். குழாய்நீரில் அலசினால் அதில் உள்ள குளோரைடே கலங்கவைத்துவிடும்.

ஊறலில் மெல்லிய நீலச்சாயல் மேலே படியலாம், களிம்பும் லேசாக மாறலாம். அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். உலர்ந்த பின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழ் வைத்தால்தான் நோய் திரும்பாது. சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில்.

யாழ்_செப்புக்காசு:
நன்றி அண்ணை. விக்டோரியா ரூபாய்க்கும் இஞ்சத்தைய தொடர்பு உண்டு எண்டதால ஒரு வரி: பிரிட்டிஷ் காலத்தில சதக்கணக்கு வந்த பிறகு இலங்கைக்கெண்டு 50 சதத்துக்கு மேல வெள்ளிக்காசு அடிக்கேல்லை. ரூபாய் எண்டால் இந்திய ரூபாய்தான் புழங்கினது. அதனால இஞ்ச வீடுகளில கிடைக்கிற 1862ஐயும் இதே கண்ணோட பாருங்கோ.

காவிரிக்கரை:
இன்னொன்று, ரிம்மை ஒட்டி இரண்டு இடத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு இருக்கிறது. தூள் இல்லை, ஒட்டுகிறது. இதுவும் குளோரைடு நோயா? காசு இருந்தது மென்மையான பிளாஸ்டிக் ஆல்பத்தில்.

குன்றிமணி:
அது பி.வி.சி. கசிவு. வளைந்துகொடுக்கும், வாசனை வரும் பிளாஸ்டிக் பெரும்பாலும் பி.வி.சி.தான். வெப்பத்தில் அதை மென்மையாக்கும் எண்ணெய் கசியும், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளியாகும். கலவையிலுள்ள செம்பைப் பிடித்துப் பச்சையாகும். நாள்பட்டால் அடியில் குழி.

இதற்கு அசிட்டோன். நகப்பூச்சு நீக்கியை வாங்காதீர்கள், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஆய்வகக் கடையில் சுத்தமான அசிட்டோன் கேளுங்கள். அசிட்டோன் உலோகத்தைத் தொடாது, எண்ணெய்ப்பசையையும் வார்னிஷையும் மட்டும் கரைக்கும். எனவே இதைச் சுத்தம் செய்தல் என்ற கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

இரண்டு சிறு கண்ணாடிக் கிண்ணம். பிளாஸ்டிக் கிண்ணம் சில கரைந்து காசிலேயே ஒட்டும். முதல் கிண்ணத்தில் காசு மூழ்க ஊற்றி, மேலே கண்ணாடியால் மூடி ஒரு மணி நேரம். பிசுபிசுப்பு போகவில்லை என்றால் இரவு முழுவதும். தேய்க்கக்கூடாது. மறுபடி பசை இருந்தால், அசிட்டோனில் நனைத்த பஞ்சை அந்த இடத்தில் வைத்து உருட்டி எடுங்கள், இழுக்காதீர்கள். பிறகு இரண்டாவது கிண்ணத்தில் புதிய அசிட்டோனில் ஒரு நிமிடம். இந்த அலசலை விட்டால் கரைந்த பசை காசு முழுவதும் மெல்லிய படலமாகக் காய்ந்துவிடும். வெளியே எடுத்துச் சாய்த்து வைத்தால் அரை நிமிடத்தில் காய்ந்துவிடும்.

சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். விளக்கு, அடுப்பு, ஊதுபத்தி எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது. ஆவியே தீப்பிடிக்கும்.

புதுச்செல்லாக்காசு:
இரண்டு கேள்வி. 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயும் 1939 ஆறாம் ஜார்ஜ் ரூபாயும் விற்பனைக்கு வந்தால் என்ன பார்க்க வேண்டும்? வாங்கியதை அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கலாமா?

கொங்குக்காசு:
1911ல ராஜாவோட அங்கியில தொங்குற பதக்கத்து யானைக்குத் தும்பிக்கை குட்டையா இருக்கும், பன்றி மாதிரித் தெரியும். அதனாலதான் பன்றி ரூபாய்னு பேரு. எதிர்ப்பு கிளம்பினதும் 1912ல யானையைத் திருத்தினாங்க. அதனால தேதியை மட்டும் நம்பாதீங்க. 1912ல இருக்கிற 2ஐச் சுரண்டி 1 ஆக்கினா, யானை காட்டிக்கொடுத்துரும். தேதியைச் சுத்தித் தளம் பள்ளமா, வேற பளபளப்பா இருக்கான்னும் சாய்ச்சுப் பாருங்க.

1939 வேற கதை. அது 91.7 சதவீத வெள்ளியில அடிச்ச அரிய காசு. 1938ல இருக்கிற 8ஐ 9 ஆக்கின காசும், வார்ப்புப் போலியும் வருது. விளிம்பைப் பாருங்க. 1940லருந்து 50 சதவீத வெள்ளி, விளிம்புக் கோடுகளுக்கு நடுவுல பள்ளம் ஓடும் பாதுகாப்பு விளிம்பு. 1939னு போட்டு நடுவுல பள்ளம் இருந்தா அப்பவே கீழ வச்சுருங்க. மேலே தராசுமுள் சொன்ன அடர்த்தியும் உதவும்.

தராசுமுள்:
ஆமாம். 50 சதவீத வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம் உள்ள அந்தக் கலவைக்கு 9.5 அளவு வரும். 10.3க்கும் 9.5க்கும் நடுவே குழப்பம் வராது. 1947 ரூபாய் நிக்கல்; காந்தத்தில் ஒட்டும்.

அக்கசாலை:
அனுப்புவது பற்றி. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத காசு தொல்பொருள். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக்கூடாது. தரம் பார்த்துத் திரும்பி வருமே என்பது விலக்கு ஆகாது. விக்டோரியா, எட்வர்டு முழுவதும் இதில் வரும். ஐந்தாம் ஜார்ஜில் 1911 முதல் 1922 வரை உள்ள ரூபாய்களும் வந்துவிட்டன. உங்கள் 1911ஐ அனுப்ப முடியாது. 1939க்கு இந்தத் தடை இன்னும் வரவில்லை.

நிலத்தில் தோண்டும்போது கிடைத்த காசு என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. விற்பவரிடம் மயிர்க்கீறலைப் பல்பின் கீழ் காட்டினேன்; வி.எஃப். விலைக்கு ஒத்துக்கொண்டார். அசிட்டோன் வேலையும் முடிந்தது. பச்சை போய்விட்டது, அடியில் ஒரு இடத்தில் மட்டும் ஊசிமுனைக் குழி. கடைசிக் கேள்வி: எதில் வைப்பது? இரண்டு அங்குல அட்டைச் சட்டம் வாங்கியிருக்கிறேன்.

குன்றிமணி:
மைலார் (தெளிவான பாலியெஸ்டர் தாள்) சன்னல் உள்ள அட்டைச் சட்டம் நல்லது. இரண்டு கவனம். மூன்று பக்கமும் ஸ்டேப்ளர் பின் அடித்த பிறகு, குறட்டால் பின்னின் இரு கால்களையும் தட்டையாக நசுக்குங்கள். இல்லையென்றால் அடுக்கும்போது பக்கத்துச் சட்டத்தின் மைலாரைக் குத்தி, உள்ளே இருக்கும் காசையும் கீறும். காசை வெளியே எடுக்கும்போது பின்னைக் கழற்றிவிட்டு எடுங்கள்; அட்டையைக் கிழித்து இழுத்தால் பின்னின் முனை நேரே ராணியின் முகத்தில்தான் போகும்.

சட்டங்களைத் தேக்கு அலமாரியில் நேரடியாக வைக்காதீர்கள், மரத்தின் அமில ஆவி படும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் கிட்டவே வேண்டாம், இரண்டிலும் கந்தகம். அந்துருண்டையும் கற்பூரமும் வேண்டாம். மூடி இறுக்கமான பாலிப்ரோப்பிலீன் டப்பா, அதில் 50 கிராம் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒருமுறை பாருங்கள். ஆரஞ்சு மாறிப் பச்சையானால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கி, முழுவதும் ஆறிய பின் திரும்ப வையுங்கள்.